யார் மிகச் சிறந்த மல்யுத்த வீரர்: பட்டங்களை எண்ணாமல் பேசுவோமா?

வளையத்தோரம் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, இந்த விவாதம் நம்மிடையே பல முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது எண்ணிக்கையில் போய் முட்டி நின்றுவிடுகிறது. ரிக் ஃப்ளேருக்கு 16 உலகப் பட்டங்கள், 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸில் கோடி ரோட்ஸை வென்ற ஜான் சீனாவுக்கு 17, அண்டர்டேக்கருக்கு ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் வரிசையாக 21 வெற்றிகள் என்று ஒருவர் அடுக்க, இன்னொருவர் அதற்கு மேல் ஓர் எண்ணைக் கொண்டுவருகிறார். சிறுவயதில் ட்ரம்ப் கார்டு ஆடியபோது நாம் செய்ததும் இதுதான். சீட்டின் அடியில் உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், மோதிய சண்டை, வென்ற சண்டை என்று அச்சிட்டிருந்தவற்றில் எது பெரியதோ அதைச் சத்தமாகச் சொல்லி, எதிரே இருப்பவனின் சீட்டை வாங்கிக்கொள்வோம்.

ஆனால் முடிவை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு ஆடும் ஒரு கலையில் வெற்றிகளின் எண்ணிக்கை எதைக் காட்டும்? அந்த வீரரை நிறுவனம் எவ்வளவு நம்பியது என்பதைக் காட்டும். அவருடைய கைத்திறனைக் காட்டாது. ஆகவே நான் வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன். வளையத்துக்குள் வந்தபோது இருந்ததைவிடப் பெரிய ஆளாக எதிராளியை வெளியே அனுப்புபவர் யாரோ, அதையும் அவருடைய உடலுக்குக் கேடில்லாமல் செய்பவர் யாரோ, அவரே மிகச் சிறந்தவர். இந்த அளவில் என் தேர்வு பிரெட் ஹார்ட்.

1997 மார்ச் 23 அன்று சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்டில் நடந்த ரெஸில்மேனியா 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதினார்கள். ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். பிரெட் நல்லவராகவும் ஆஸ்டின் கெட்டவராகவும் உள்ளே வந்தார்கள். ஆஸ்டின் மின்கம்பியால் பிரெட்டின் கழுத்தை இறுக்க, பிரெட் மணியை எடுத்து அவரை அடித்துவிட்டு ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பூட்டுப் பிடியில் மாட்டுகிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பற்களின் இடுக்கில் இறங்குகிறது, கைகளை ஊன்றி உடலை எழுப்பி அந்தப் பிடியை ஏறக்குறைய உடைத்துவிடுகிறார், மீண்டும் விழுகிறார், தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு அடையாளமாகத் தரையைத் தட்டாமலே கடைசியில் மயங்கிப்போகிறார். நடுவர் கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். வென்றவர் பிரெட். ஆனால் உதவிக்கு வந்த கைகளைத் தள்ளிவிட்டுத் தள்ளாடியபடி நடந்துபோன ஆஸ்டினின் பெயரைத்தான் அரங்கம் முழக்கமிட்டது. ஒரே இரவில் நல்லவர் கெட்டவராகவும், கெட்டவர் மக்கள் தலைவராகவும் இடம் மாறினார்கள். அடுத்த நான்கைந்து ஆண்டுகள் இந்தத் தொழிலையே தூக்கிச் சுமந்த ஆஸ்டின் அந்த வளையத்தில்தான் உருவானார், அவரைச் செதுக்கியவர் அந்த ஆட்டத்தில் வென்றவர்.

சில்வர்டோம்

அளவுகோல் அழகாக இருக்கிறது, ஆனால் அதில் பார்வையாளருக்கு இடம் இல்லை. டிக்கெட் வாங்கி வந்து உட்காரும் மக்கள் இல்லாவிட்டால் இந்தக் கலை யாருக்காக நடக்கிறது? 1987 மார்ச் 29 அன்று பான்டியாக் சில்வர்டோமில் ஹல்க் ஹோகன் ராட்சத உருவம் கொண்ட ஆந்த்ரேவைத் தூக்கிப் போட்டபோது அரங்கில் 93,173 பேர் இருந்ததாக அறிவித்தார்கள். அந்த எண்ணைக் குறித்து இன்றுவரை சண்டை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்; பல ஆயிரங்களைக் கழித்தாலும் அது ஒரு கடல்தான். ஆஸ்டினையே எடுத்துக்கொண்டாலும், அவர் ஆடிய ரா என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் போட்டி நிறுவனத்தின் நைட்ரோ நிகழ்ச்சி பார்வையாளர் எண்ணிக்கையில் 83 வாரங்கள் தொடர்ந்து தோற்கடித்துவந்த நிலையில், 1998 ஏப்ரலில் அந்த வரிசை முறிந்தது ஆஸ்டினும் முதலாளி மெக்மஹோனும் மோதப்போகிறார்கள் என்ற ஒரே எதிர்பார்ப்பினால்தான். அன்று அந்த ஆட்டம் நடக்கவே இல்லை என்பதுதான் சிறப்பு! நடக்காத ஆட்டத்துக்கே மக்களை உட்கார வைத்தவரை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வளையத்தோரம்

மக்களை ஈர்த்தவர் என்ற கணக்கில் எழுதுவேன். அந்தப் பட்டியலில் ஹோகனும் ஆஸ்டினும் மேலே இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஈர்ப்பில் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் முதலாளிக்கும் பங்கு உண்டு. ஷார்ப்ஷூட்டருக்குள் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் பேசுவது அந்த இடத்தைப் பற்றி.

கிரீன்ஸ்பரோ 83

தங்கள் அளவுகோலை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டு, அதே அளவுகோலால் தங்கள் தேர்வு தவறு என்று காட்ட விரும்புகிறேன். எதிராளியை உயர்த்துவதுதான் பெருமை என்றால், அதையே அன்றாட வேலையாகச் செய்தவர் ரிக் ஃப்ளேர்.

அக்காலத்து அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1948-இல் மல்யுத்த முதலாளிகளின் என்.டபிள்யூ.ஏ. கூட்டமைப்பு உருவானபோது அமெரிக்கா பல வட்டாரங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு உள்ளூர் நாயகன். உலகச் சாம்பியன் மட்டும் எல்லோருக்கும் பொது. அவர் இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று போய், அந்தந்த ஊர் நாயகனோடு மோத வேண்டும். பெல்ட்டை விட்டுவிடவும் கூடாது. உள்ளூர்க்காரர் தோற்றதாகவும் மக்கள் நினைக்கக் கூடாது. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் நம் ஆள் உலகச் சாம்பியனாகியிருப்பான் என்று ஊரே சத்தியம் செய்ய வேண்டும். சாம்பியன் போன பிறகும் அந்த ஊரில் தொழில் ஓட வேண்டும் அல்லவா!

1981 செப்டம்பரில் கான்சஸ் நகரத்தில் டஸ்டி ரோட்ஸிடமிருந்து பட்டத்தைப் பெற்ற ஃப்ளேர், இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தார். பல இரவுகளில் முழு ஒரு மணி நேரம் ஆடி முடிவில்லாமல் இறங்கினார். எதிரே நிற்பவர் எல்லோரும் பிரெட்டோ ஆஸ்டினோ அல்லர். உடம்பு மட்டும் உள்ளவர்கள், ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குபவர்கள், நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் உண்டு. இவர்களை அறுபது நிமிடம் சாம்பியனுக்குச் சமமாக நிற்க வைப்பது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவையும் செய்த உடம்பு எது தெரியுமா? 1975 அக்டோபரில் வில்மிங்டனில் நடந்த விமான விபத்தில் முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்து, இனி ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிட்ட உடம்பு.

பிரெட்டுக்கு ஆஸ்டின் என்றால் ஃப்ளேருக்கு ஸ்டிங். 1988 மார்ச் 27, கிரீன்ஸ்பரோ. அதே இரவில் எதிர் நிறுவனம் ரெஸில்மேனியா 4-ஐக் காசுக்கு ஒளிபரப்பிக்கொண்டிருக்க, இங்கே இலவசத் தொலைக்காட்சியில் ஃப்ளேர் 45 நிமிடம் ஆடினார். நேரம் முடிந்து மணி அடிக்கும்போது உலகச் சாம்பியன் ஸ்டிங்கின் ஸ்கார்பியன் டெத்லாக் என்ற பிடியில் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தார். பட்டம் கைமாறவில்லை. ஆனால் முகத்தில் வண்ணம் பூசிய அந்த இளைஞர் மறுநாள் காலையில் நட்சத்திரமாக விழித்தார். அதே ஸ்டிங் 36 ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், தன் கடைசி ஆட்டத்தை ஆடத் தேர்ந்தெடுத்த அரங்கமும் அதே கிரீன்ஸ்பரோதான். ஒரு மனிதன் தன் பிறந்த வீட்டில் போய்க் கண்மூட விரும்புவதைப் போன்றது அது.

வளையத்தோரம்

ஸ்டிங்கைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் நேரடியான பதில் இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ளேரின் ஆட்டங்களைத் தொடர்ந்து பத்துப் பார்த்தால் ஒரே எலும்புக்கூடு தெரியத் தொடங்குகிறது. மண்டியிட்டுக் கையெடுத்துக் கெஞ்சுவார். மூலைக்கம்பத்தில் மோதித் தலைகீழாகப் புரண்டு விளிம்பில் விழுவார். மேல்கயிற்றில் ஏறுவார், எதிராளி அங்கிருந்து அவரைத் தூக்கி எறிவார். எதிரே யார் நின்றாலும் இதேதான். பிரெட் அப்படி அல்லர். தம்பி ஓவனோடு ஆடியது குடும்பச் சண்டை; நெடிய உருவமுள்ள டீசலோடு ஆடியது பெரிய மரத்தைக் காலடியில் வெட்டிச் சாய்க்கும் வேலை. 1992 ஆகஸ்டில் வெம்ப்ளி மைதானத்தில் மைத்துனர் டேவி பாய் ஸ்மித் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மூச்சு முட்டித் திட்டத்தை மறந்துவிட்டதாகவும், அரை மணி நேரமும் காதில் சொல்லிச் சொல்லியே அவரை நடத்திச் சென்றதாகவும் பிரெட் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த ஆட்டத்தின் முடிவில் தோற்றது பிரெட். சொந்த நாட்டு மக்கள் நடுவே பெல்ட்டை உயர்த்தியது டேவி.

கிரீன்ஸ்பரோ 83

எலும்புக்கூடு என்று நீங்கள் குறை சொல்வதுதான் அந்தத் தொழிலின் பொதுமொழி. முன்பின் பார்த்திராத ஒருவரோடு, ஒத்திகை இல்லாமல், அன்று மாலை அரங்குக்கு வந்து அன்று இரவே ஒரு மணி நேரம் ஆட வேண்டும் என்றால், ஃப்ளேர் அடுத்து என்ன செய்வார் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய உதவி! கச்சேரியில் புதிய மிருதங்கக்காரர் வந்து உட்கார்ந்தால் பாடகர் அவருக்குத் தெரிந்த கீர்த்தனையை எடுப்பதில்லையா?

தகுதியான எதிராளி கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பதை 1989-இல் ரிக்கி ஸ்டீம்போட்டோடு ஆடிய மூன்று ஆட்டங்களில் பார்க்கலாம். பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். நியூ ஓர்லியன்ஸ் ஆட்டம் ஏறக்குறைய 55 நிமிடம் போனது. மூன்றில் இரண்டு சுற்றை வெல்ல வேண்டும். முதல் சுற்றை ஃப்ளேர் வெல்கிறார். இரண்டாவதில் ஸ்டீம்போட் இரு கைகளையும் பின்னால் முறுக்கிப் பூட்ட, ஃப்ளேர் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். மூன்றாவது சுற்றில் ஸ்டீம்போட் அவரை அமுக்க, நடுவர் மூன்று எண்ணி முடித்தார்; ஃப்ளேரின் கால் கயிற்றில் கிடந்ததை (அப்படிக் கிடந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது) அவர் கவனிக்கவில்லை. அந்த ஒரு கால்தான் மூன்றாவது ஆட்டத்துக்கான காரணம். இவ்வளவு நுட்பமாகக் கதை சொன்னவரைச் சூத்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முழங்கால் தேய்மானம்

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவன். இழையைத் தொடங்கியவர் சொன்ன இரண்டாம் பாதியை யாரும் தொடாததால் எழுதுகிறேன். எதிராளியின் உடலுக்குக் கேடில்லாமல் என்றாரே, அது மேலோட்டமாகக் கடந்துபோகும் செய்தி அன்று.

பைல்டிரைவர் என்ற உத்தியில் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி இரு தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்கிறார்கள். முழங்காலிட்டு இறங்கினால் தலை தொடைகளின் மட்டத்துக்கு மேலேயே இருக்கும். தரை தலையைத் தொடாது. காலை நீட்டி உட்கார்ந்தபடி இறங்கினால் தலைக்கும் தரைக்கும் நடுவே சில அங்குலமே மிச்சம். தலை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் அந்த இடைவெளியும் இல்லை. 1997 ஆகஸ்ட் 3 அன்று சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் உட்கார்ந்து இறங்கினார். ஆஸ்டினின் உச்சந்தலை தரையில் இடித்து, உடல் எடை முழுவதும் கழுத்தெலும்பின் மேல் அமர்ந்தது. சிறிது நேரம் அவரால் கைகால்களை அசைக்கவே முடியவில்லை. ஊர்ந்து வந்து ஓவனைச் சுருட்டிப் பிடித்து எப்படியோ ஆட்டத்தை முடித்தார். அந்தச் சுருட்டலைப் பாருங்கள், அதில் வலுவே இல்லை. ஓவன் தானாகவே கிடந்து எண்ணிக்கையை வாங்கிக்கொள்கிறார். ஆஸ்டின் 2003-இல் ஓய்வு பெற வேண்டிவந்ததற்கு அந்தக் கழுத்தும் ஒரு காரணம்.

பிரெட் தன்னோடு ஆடிய எவரையும் காயப்படுத்தியதில்லை என்பதைத் தன் பெருமையாக எப்போதும் சொல்லிவந்தவர். அப்படிப்பட்டவரின் வாழ்க்கையை முடித்தது 1999 டிசம்பரில் கோல்ட்பர்க் விட்ட ஓர் உதை. தலையில் பட்ட அந்த அடிக்குப் பின் அடுத்த ஆண்டே அவர் ஓய்வை அறிவித்தார். என் துறையில் இருப்பவனுக்கு இதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கவனமாக இருந்தவனுக்குக் கவனமின்மையே கூலியாகக் கிடைத்தது.

புடோகான் மூன்றாம் வரிசை

அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் குறுக்கிடுகிறேன். ஜப்பானிய வீரர் மிட்சுஹாரு மிசாவாவின் பெயர் இதுவரை வரவில்லை.

1990-இல், அதுவரை அணிந்து ஆடிவந்த புலி முகமூடியைத் தானே வளையத்தின் நடுவில் கழற்றச் செய்து, சில வாரங்களில், ஜூன் 8 அன்று, மாபெரும் ஜம்போ சுருதாவை டோக்கியோவின் புடோகான் அரங்கில் வீழ்த்தினார். அதன்பின் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் அவரும் கவாடாவும் கோபாஷியும் டாவேயும் ஆடியவை எனக்குத் தெரிந்தவரை இந்தக் கலையின் உச்சம். 1994 ஜூன் 3-ஆம் நாள் மிசாவாவும் கவாடாவும் ஆடியதை ஒரு முறை முழுமையாகப் பாருங்கள். இருவரும் ஒரே பள்ளியில் மல்யுத்தம் பயின்றவர்கள்; மிசாவா மூத்தவர். கவாடா வாழ்நாள் முழுவதும் அந்த ஒருவரைத் தாண்டவே முயல்கிறார். மிசாவாவின் முகத்தில் கோபமோ வலியோ பெரிதாகத் தெரியாது; முழங்கையால் அடிப்பார், எழுவார், மீண்டும் முழங்கையால் அடிப்பார். அந்த அமைதி உடைந்து அவர் பழிவாங்கத் தொடங்கும் கணத்தில் அரங்கம் முழுவதும் இருக்கையை விட்டு எழுகிறது. ஏமாற்றும் இல்லை, வெளியாள் குறுக்கீடும் இல்லை. கடைசியில் டைகர் டிரைவர் 91 என்ற உத்தி. அவ்வளவுதான்.

முழங்கால் தேய்மானம்

அந்த டைகர் டிரைவர் 91-ஐத்தான் நானும் சொல்ல வந்தேன். இரு கைகளும் பின்னால் பூட்டப்பட்ட நிலையில் ஒருவர் கழுத்தில் இறங்குகிறார். கையை ஊன்றிக் காத்துக்கொள்ள வழியே இல்லை. அந்த ஆட்டங்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிடக் கடுமையாகத் தலையில் விழ வேண்டியிருந்தது. நேற்று ஆட்டத்தை முடித்த உத்தியிலிருந்து இன்று எழுந்துவிட்டால், நாளைக்கு அதைவிட ஆபத்தான ஒன்று வேண்டும். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் பின்னால் தூக்கிப் போடும் வழக்கமான ஒரு வீச்சில் விழுந்த மிசாவா எழவே இல்லை. கழுத்துத் தண்டுவடம் அறுந்திருந்தது. 46 வயது. அன்று தூக்கிப் போட்டவர் எந்தத் தவறும் செய்யவில்லை; இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கு ஒரே நொடியில் வந்து நின்றது.

புடோகான் மூன்றாம் வரிசை

தெரியும். அன்று செய்தி வந்தபோது நான் அழுதேன். அதற்குப் பிறகு பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது தலையில் விழும் ஒவ்வொரு காட்சியிலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆகவே நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவர் அந்நாளில் நோவா என்ற மல்யுத்த நிறுவனத்தை நடத்திவந்தார். உடன் வந்த வீரர்களின் பிழைப்பு அவர் பெயரால்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வெடுத்திருக்க வேண்டிய உடம்போடு அவர் வளையம் ஏறியது அவர்களுக்காக. எதிராளியை உயர்த்துவதுதான் அளவுகோல் என்றால், தன் உடம்பைக் கொடுத்து ஒரு முழு நிறுவனத்தையே தாங்கியவரை எங்கே வைப்பீர்கள்?

வீராங்கனை மனாமி டொயோட்டாவைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் எழுதவில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன். 1990-களில் அவர் ஆடிய வேகத்தில் இன்றுவரை ஆணோ பெண்ணோ ஆடி நான் பார்த்ததில்லை.

மணியோசை

அண்டர்டேக்கர் 21 வெற்றி என்ற ஓர் எண்ணாக மட்டும் இங்கே வந்துபோனது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எங்கள் தெருவில் அவருக்கு ஏழு உயிர் என்று சத்தியமாக நம்பினோம். அந்த நம்பிக்கையை 1990 நவம்பரிலிருந்து 2020 வரை முப்பது ஆண்டுகள் கலையாமல் காத்தது கைத்திறன் இல்லையா? பெரும்பாலான வேடங்கள் மூன்று ஆண்டுகளில் நைந்துபோகின்றன. செத்து எழுந்தவன் என்ற வேடத்தை ஒருவர் தலைமுறை தாண்டிச் சுமந்திருக்கிறார்.

அவர் எதிராளியை உயர்த்தியதற்குச் சான்று கேட்டால், 2014 ஏப்ரல் 6, நியூ ஓர்லியன்ஸ். பிராக் லெஸ்னர் மூன்று எண்ணும்வரை அமுக்கியபோது, எழுபதாயிரம் பேர் கூடிய அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. லெஸ்னரின் இசைகூடச் சற்றுத் தாமதமாகவே ஒலித்தது. திரையில் 21-1 என்று வந்ததும் வாயைப் பிளந்து நின்ற ஒரு ரசிகரின் முகத்தைக் கேமரா காட்டியது. அன்று அதிகாலை எங்கள் வீட்டில் நானும் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். தன்னிடம் இருந்த மிக விலைமதிப்புள்ள பொருளை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வளையத்தோரம்

எல்லோருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். ஃப்ளேர் குறித்து என் கருத்து மாறியிருக்கிறது. என் பட்டியலில் அவர் நான்காம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வருகிறார், வளையத்துக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்க்கையை இங்கே நான் கணக்கில் சேர்க்கவில்லை. மிசாவாவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரை முதலிடத்தில் வைத்தால் அந்தக் கழுத்துக்கு நானும் கைதட்டியவன் ஆகிறேன். கீழே வைத்தால் அவர் கொடுத்ததைச் சிறுமைப்படுத்துகிறேன்.

பிரெட்டை மட்டும் நான் இறக்கவில்லை. அதற்கான காரணம் ஆஸ்டினோ டேவியோ அல்லர். 1994 மார்ச் 20, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரெஸில்மேனியாவின் முதல் ஆட்டம் அண்ணனுக்கும் தம்பிக்கும். அண்ணனின் நிழலில் கிடந்து வெந்த தம்பி ஓவன், பிரெட் தோள்மேல் ஏறிச் சுருட்ட முயன்ற நேரத்தில் அப்படியே உட்கார்ந்து அமுக்கி, நேர்மையாக வென்றுவிடுகிறார். அதே இரவின் கடைசி ஆட்டத்தில் பிரெட் யோகோசுனாவை வென்று உலகச் சாம்பியன் ஆகிறார். சக வீரர்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்குகிறார்கள், அரங்கமே கொண்டாடுகிறது. அப்போது நடைபாதையில் ஓவன் வந்து நிற்கிறார். ஒன்றும் செய்யவில்லை, சண்டைக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறார். தோள்களின் மேலிருந்த பிரெட்டின் சிரிப்பு குறைந்து, கண்கள் தம்பியின் மேல் போய் நிற்கின்றன. தன் வாழ்வின் மிகப் பெரிய கொண்டாட்டத்தின் நடுவே, பார்க்கும் அத்தனை பேரும் தன்னை விட்டுவிட்டு ஓவனைப் பார்க்கும்படி அவர் செய்துவிட்டார்.